பிரைமர் அடிப்பதற்கு முன்

2012 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தின் மாடியில், மடியில் ஏ3 ஃபைலோடு உட்கார்ந்திருந்தேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிப்பை முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. ஃபைலில் நாற்பத்திரண்டு படங்கள். மகாமகக் குளம், நாச்சியார்கோயில் தெரு, கரிசக்காட்டு ஆட்டுக்கிடை, ஆயில் பெயின்டில் இரண்டு முகங்கள், நான்கு போஸ்டர்கள், கொஞ்சம் குழந்தைகள். நாலு வருஷ உழைப்பில் எதை எடுத்து வெளியே வைப்பது என்று மனசு வராமல் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அம்மா புரட்டினார். முப்பது பக்கம் வரை எங்கும் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் பிள்ளைகள் பட்டம் விடும் படத்தில் மட்டும் கை நின்றது.

"தம்பி, கோடு நல்லா இருக்கு. ஆனா உங்க பிள்ளைங்க பிள்ளைங்களா இல்ல. பெரியவங்களைச் சின்னதாக்கி நிறுத்தின மாதிரி இருக்காங்க. இப்போதைக்கு எங்களுக்குச் சரிவராது."

மொத்தம் ஆறு நிமிடம். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கு நடந்தே வந்தேன். இரண்டு வாரம் பென்சிலைத் தொடவில்லை. அறையில் கூட இருந்த நண்பன் கேட்டபோது, "அவங்களுக்கு நம்ம ஸ்டைல் புரியல" என்று சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அது உண்மை இல்லை என்று எனக்கே தெரிந்ததால் தூக்கம் மட்டும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அந்தப் பட்டம் விடும் படத்தை எடுத்து ஸ்கேலை வைத்து அளந்தேன். வளர்ந்த மனிதனின் உயரம் அவன் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு. ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு மடங்கு. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்தரை, ஆறு மடங்கு இருக்கும். முதலாண்டு வகுப்பில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். என் பட்டம் விடும் பையன் ஏழு தலை உயரம் இருந்தான். கண்ணை முகத்தின் நடுக்கோட்டில் வைத்திருந்தேன். சிறு பிள்ளைகளுக்கு அது நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், நெற்றி அகலமாகத் தெரியும். அந்த அம்மா சொன்னது ருசி சார்ந்த கருத்தே கிடையாது. ஸ்கேல் வைத்து நிரூபிக்கக்கூடிய பிழை.

அதன்பிறகு மாலை நாலு மணிக்கு ஒரு மாநகராட்சிப் பள்ளியின் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெரினா. புத்தகப் பையின் கனம் பிள்ளையை முன்னால் குனிய வைக்கும், கழுத்து மட்டும் நிமிர்ந்திருக்கும். அம்மாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை தண்ணீர் பாட்டில் கயிற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும். அலைக்குப் பயப்படும் பிள்ளை வயிற்றை முன்தள்ளி, கட்டைவிரலை மணலில் ஊன்றி நிற்கும். மூன்று நோட்டுகள் நிறைந்தன. 2013 செப்டம்பரில் அதே பதிப்பக அம்மாவுக்கு மூன்றே படங்களை அனுப்பினேன். மூன்றிலும் பிள்ளைகள். கூடவே, "போன வருஷம் நீங்கள் சொன்னதை வைத்துத் திரும்ப வரைந்து பார்த்தேன்" என்று ஒரு வரி. நான்காம் நாள் போன் வந்தது. 24 பக்கப் புத்தகம் ஒன்று. என் பெயர் அச்சான முதல் புத்தகம் அதுதான்.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறேன். எல்லா மறுப்புக்குள்ளும் இப்படி ஒரு பாடம் மடித்து வைக்கப்பட்டிருக்காது. காரணம் சொல்லி மறுக்கிறவர் அபூர்வம். அவர் தன் நேரத்தில் ஆறு நிமிடத்தை நமக்குக் கொடுத்தவர். அவரை விடக் கூடாது. மற்றபடி வருகிற "வேண்டாம்"களில் பெரும்பாலானவற்றுக்கும் நம் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த மாதப் பட்ஜெட் முடிந்திருக்கும். ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்திருப்பார்கள். ஆசிரியர் விடுப்பில் இருப்பார். அந்த இருட்டுக்குள் நாமாகக் காரணம் தேடப் போனால் நம் குறைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போம்.

எனக்கு இதிலிருந்து வெளியே வர உதவியது ஒரு லாங் சைஸ் நோட்டு. யாரிடம் கேட்டேன், எந்தத் தேதி, என்ன அனுப்பினேன், என்ன பதில், அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்று ஐந்து கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். 2014ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. 61 இடங்களில் கேட்டிருக்கிறேன். 43 இடங்களிலிருந்து பதிலே இல்லை. 11 பேர் வேண்டாம் என்றார்கள். 7 வேலை கிடைத்தது. அந்த ஏழில் நான்கு, முதல் தடவை பதில் சொல்லாமல் இருந்தவர்கள் கொடுத்தது. இந்தக் கணக்கைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு லேசானது. அதுவரை நாற்பத்து மூன்று பேர் என்னை நிராகரித்தார்கள் என்று சுமந்துகொண்டிருந்தேன். அவர்கள் என் மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை என்பதுதான் நடந்திருக்கிறது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பதில் வராவிட்டால் பதினைந்தாம் நாள் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் மூன்று மாதம் சும்மா இருப்பேன். பிறகு புதிதாக வரைந்த ஒரு படத்தோடு திரும்ப எழுதுவேன், பழைய படத்தை மறுபடி அனுப்ப மாட்டேன். "என் மெயில் கிடைத்ததா?" என்று கேட்கிறவரைப் பார்த்தால் எவருக்கும் சங்கடம். புதுப் படத்தோடு வருகிறவரைப் பார்த்தால் அது இருக்காது. மெயிலும் சின்னதாக இருக்க வேண்டும். மூன்று படம், ஐந்து எம்பிக்குள் ஒரு பிடிஎஃப், அவர்கள் போட்ட ஒரு புத்தகத்தைப் படித்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு வரி, கைபேசி எண். வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

மறுப்பைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் என்னை உண்மையில் சாய்த்தது மறுப்பு இல்லை. காசில்லாத சம்மதம்.

2015இல் ஓர் உணவகம் திறந்தார்கள். உரிமையாளர் என் படங்களைப் புகழ்ந்தார். உள்சுவர் ஒன்று, 22 அடி நீளம், 9 அடி உயரம். "பேமென்ட் இப்ப கஷ்டம் தம்பி. ஆனா தினம் முந்நூறு பேர் வந்து பாப்பாங்க. உங்க பேர், நம்பர் எல்லாம் கீழே போட்டுக்கோங்க. அடுத்த கிளைக்கு நல்லாப் பண்ணிக்கலாம்." கடை மூடிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை நாலு வரை, ஆறு இரவுகள். அக்ரிலிக் எமல்ஷனும் பிரஷும் என் கைக்காசு. ஏணி வாடகையும் என்னுடையது. படம் நன்றாகவே வந்தது. கீழே எழுதிய நம்பருக்கு ஐந்து பேர் அழைத்தார்கள். ஐந்து பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அங்க ஃப்ரீயா செஞ்சு குடுத்தீங்களாமே?" அடுத்த கிளை திறந்தபோது சுவருக்கு வால்பேப்பர் ஒட்டினார்கள்.

அடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் ஊரான கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா முப்பது வருஷம் போர்டு எழுதியவர். கடைப் பெயர்ப்பலகை, லாரிக்கு முன்னும் பின்னும் எழுத்து, சுவர் விளம்பரம், கோயில் கொடைக்குத் தட்டி என்று எல்லாம் செய்வார். நூலில் சாக்பீஸ் பொடி தேய்த்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து ஒரு சுண்டு சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குமேல் கைநடுங்காமல் எழுத்து இறங்கும். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏய்யா, அட்வான்ஸ் வாங்காம எப்பிடிச் சுவத்துல பிரைமர் அடிச்ச?"

அப்பாவின் தொழிலில் அது எழுதாத சட்டம். தகரத்துக்குச் சிவப்பு பிரைமர் அடித்துவிட்டால் அந்தத் தகரம் நம் பொறுப்புக்கு வந்துவிட்டது. அதற்குமுன் கையில் பாதிப் பணம் இருக்க வேண்டும். பிரைமரும் எனாமலும் வாங்கக்கூடிய பணமாவது இருக்க வேண்டும். அண்ணாச்சிமார்களிடம் அவர் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. "அண்ணாச்சி, பெயின்ட் கடையில கடன் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகரத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார். அட்வான்ஸ் வரும்வரை அது சாய்ந்தபடியே இருக்கும். நாலு வருஷம் கல்லூரியில் படித்த நான் அப்பாவிடம் இருந்த இந்த ஒன்றைப் படிக்காமல் சென்னைக்குப் போயிருந்தேன்.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நமக்கு ஒரு நாள் மனசு கெடும், அவ்வளவுதான். நேரமும் சாமானும் நம்மிடமே இருக்கும். சரி, ஆனால் காசில்லை என்று சொன்னால் நேரம் போகிறது, சாமான் போகிறது, நம் வேலைக்கு விலை இல்லை என்ற செய்தி ஊருக்குள் போகிறது. இலவசமாக வரையவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் நூலகத்துக்கும் என் பள்ளிக்கும் வரைந்து கொடுத்திருக்கிறேன். அது நான் கொடுத்தது. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது வேறு.

விலை சொல்வதில் நான் பட்ட பாடு பெரிது. பல வருஷம், "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்பதுதான் என் விலை. பார்த்துக் கொடுத்தது எப்போதும் குறைவாகவே இருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போது வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது, கருவிகளுக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து மாதம் 36,000 ரூபாய் வேண்டியிருந்தது. மாதத்தில் எல்லா நாளும் வரைய முடியாது. ஆட்களைப் பார்ப்பது, பில் போடுவது, திருத்தம், அலைச்சல் போக, கை வரைகிற நாள் பன்னிரண்டு தேறியது. ஆக என் ஒரு நாள் 3,000 ரூபாய். ஓர் அட்டைப்படத்துக்கு ரஃப், ஃபைனல், ஒரு திருத்தம் என்று மூன்று நாள் போகிறது என்றால் 9,000. சிறு பதிப்பாளர், "5,000தான் முடியும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 500 பிரதி போடுகிறவருக்கு அதற்குமேல் முடியாது. அப்போது நான் விலையை இறக்குவதில்லை, வேலையை இறக்குகிறேன். கூட்டமான காட்சிக்குப் பதில் ஒற்றை உருவம், நாலு வண்ணத்துக்குப் பதில் இரண்டு. 5,000 ரூபாய்க்கு உரிய படம் அவருக்குக் கிடைக்கும். அவருக்கும் மரியாதை, எனக்கும் நட்டமில்லை.

காசு வரும் வேலை எங்கே இருக்கிறது என்று இளையவர்கள் கேட்கும்போது, இடத்தைவிட மாதத்தைத்தான் முதலில் சொல்கிறேன். வேலைக்குப் பருவம் உண்டு. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவருகிறது. அதற்குள் புத்தகம் வெளிவர வேண்டும் என்றால் அட்டைப்படம் அக்டோபர், நவம்பரில் கையில் இருக்க வேண்டும். ஆகவே பதிப்பாளர்களிடம் கேட்க வேண்டிய காலம் ஆகஸ்டும் செப்டம்பரும். நவம்பர் கடைசியில் கேட்டால், "எல்லாம் ஆயிடுச்சே" என்பார்கள். அது மறுப்பே இல்லை, நாம் தாமதம். பத்திரிகைகளின் தீபாவளி மலருக்கு ஆடியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். பள்ளிப் பாடப்புத்தகம், பயிற்சி நூல் போடுகிற தனியார் நிறுவனங்கள் ஜூன் திறப்பை வைத்து ஓடுவதால், கோடைக்கு முந்தைய மாதங்களில் அவர்களுக்கு ஆள் போதாது. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். அப்படியானால் படம் சித்திரை, வைகாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். இந்தத் தேதிகளை நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்த பிறகு என் மறுப்புகளில் பாதி குறைந்தது. படம் அதே படம்தான்.

புத்தகக் காட்சிக்குப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அரங்கு அரங்காக ஏறக் கூடாது. பில் போட்டுக்கொண்டிருப்பவரிடம் படம் காட்டினால் அவர் என்ன செய்வார், பாவம். நான் வேலைநாளில் மதியம் போவேன். குழந்தைகள் புத்தகங்களையும் அட்டை நன்றாக இருக்கும் புத்தகங்களையும் எடுத்து, உள்ளே உரிமைப் பக்கத்தைப் பார்ப்பேன். ஓவியர், வடிவமைப்பாளர் பெயர் அங்கே இருக்கும். ஓவியர் பெயரைப் போடாத பதிப்பகம் எது என்பதும் தெரிந்துவிடும். வடிவமைப்பாளரின் பெயரைத்தான் நான் குறித்துக்கொள்வேன். யாரிடம் படம் வாங்குவது என்று முதலாளிக்கு யோசனை சொல்கிறவர் பெரும்பாலும் அவர்தான். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பேசினால் அவர்களும் நிதானமாக இருப்பார்கள்.

இன்னொரு வாசல், நம் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றுகிற இடங்கள். பானையோடுகளைக் குறுக்குவெட்டோடு அளந்து வரைய ஆள் வேண்டும் என்று ஒரு தொல்லியல் ஆய்வாளர் கேட்டார். பூச்சியின் காலில் உள்ள முள்ளை எண்ணி வரையச் சொன்னார் ஒரு வேளாண் பேராசிரியர். பாறை ஓவியங்களைப் படியெடுக்கப் போயிருக்கிறேன். இவற்றில் பாராட்டு வராது. ஆனால் போட்டி குறைவு, சொன்ன தேதியில் பணம் வரும். என் கையும் இந்த வேலைகளில்தான் நேர்மையானது. முள் ஐந்து என்றால் ஐந்துதான் போட வேண்டும். அழகுக்காக ஆறு போட முடியாது.

இப்படிக் காசுக்கு வரைவதைக் கல்லூரி நாட்களில் தாழ்வாக நினைத்தவன் நான். அந்த நினைப்பு போனது ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் அந்த இடத்தை உருவாக்கியவர்கள் நவீன ஓவியர்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கிய பணம் அதிலிருந்து வந்தது. கைவினையில் சம்பாதித்து, ஓவியத்தைச் சந்தைக்கு அடிபணியாமல் காப்பாற்றினார்கள். எங்கள் கோவில்பட்டியிலேயே, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை தீட்டிவந்த கொண்டையராஜு சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வரைந்தார். அந்தச் சாமி படங்கள் இல்லாத பூஜை அறை எங்கள் பக்கம் கிடையாது. விகடனில் பல காலம் வரைந்த கோபுலு விளம்பரத் துறைக்கும் போய் வேலை பார்த்தார். இவர்களுக்கு இல்லாத தீட்டு எனக்கு எதற்கு?

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் நான் இழந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கதைப் புத்தகத்துக்கு ஆந்தை ஒன்று வரைந்திருந்தேன். காது மடிந்த, ஒரு கண் மட்டும் திறந்த ஆந்தை. மூன்று வருஷம் கழித்துத் தாம்பரத்தில் ஒரு கடையில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா மூடியில் அதைப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலிலும் அதே ஆந்தை. போன் செய்தால், "பேமென்ட்தான் குடுத்துட்டோமே" என்றார்கள். வக்கீல் நண்பர் விளக்கியபோதுதான் எனக்குச் சட்டமே தெரிந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். வரைந்த கைக்குத்தான் உரிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உரிமை நம்மிடம் இருக்க வேண்டும் என்றால் அதை வேலைக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் எத்தனை வருஷம், எந்த நாடு என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், இந்தியாவுக்குள் என்று 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது.

இதற்கு முத்திரைத்தாள், வக்கீல் எல்லாம் தேவைப்படும் என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். நான் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன படம், எத்தனை, எந்த அளவு, எந்தப் புத்தகத்துக்கு மட்டும், எத்தனை வருஷத்துக்கு, மற்ற உரிமையெல்லாம் ஓவியருக்கு, ரஃப் நிலையில் இரண்டு திருத்தம், ஃபைனலுக்குப் பிறகு என்றால் தனிக் கட்டணம், பாதி முன்பணம், பாதியில் வேலை நின்றால் முன்பணம் திரும்பாது, ஓவியர் பெயர் உரிமைப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. இதை நீட்டியபோது முகம் சுளித்து விலகியவர்கள் என் கணக்கில் மூன்று பேர். அந்த மூன்றையும் நான் இழப்பில் எழுதவில்லை.

பணம் தாமதமாவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஓவியர்களில் பலருக்கு இது தெரியாது. தனி ஆளாக இருந்தாலும் அரசின் உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிற தளங்கள் தரகர்களுடையவை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப் பதிவு பெற்றவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, அதுவும் மாதாமாதம் கணக்கிட்டு. வேலைக்கு முன்பே பதிவு செய்திருப்பது நல்லது. ஒரு நிறுவனம் ஏழு மாதம், "அக்கவுன்ட்ஸ்ல இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பில்லில் என் உத்யம் எண்ணையும் இந்தச் சட்டத்தின் பெயரையும் இரண்டு வரியில் குறிப்பிட்டு, மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது. பணம் கொடுப்பவர் வரிக்கென்று டிடிஎஸ் பிடித்திருந்தால் அது வருமான வரித் தளத்தில் நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்ப வரும். எத்தனையோ பேர் அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு, மூன்று வருஷமாக ஒரு புது மறுப்பு வருகிறது. "ஏஐ-ல போட்டுக்கிட்டோம் சார்." முதல் தடவை கேட்டபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தது அப்பாவின் முகம். ஃபிளெக்ஸ் வந்தபோது எங்கள் வீட்டில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாலு நாள் எழுதுகிற போர்டை நாற்பது நிமிடத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவில் வேலை நின்றுபோனது. அப்பாவின் நண்பர்கள் சிலர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். அப்பா எனாமல் டப்பாக்களை மூடி வைத்துவிட்டு ஒரு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கோயிலில் குதிரை வாகனத்துக்கு வண்ணம் தீட்டக் கூப்பிட்டார்கள். வாகனத்தை அச்சடிக்க முடியாது. அதன் கண்ணை ஒருவர் கையால்தான் திறக்க வேண்டும். அதிலிருந்து சுதைச் சிற்பம், தேர்ச்சட்டம், லாரி பாடி என்று, கை தேவைப்படும் இடங்களாகத் தேடித் தேடிப் போனார். பழைய வருமானம் திரும்ப வரவில்லை. ஆனால் என் கல்லூரிக் கட்டணம் அந்த வாகனங்களிலிருந்துதான் வந்தது.

நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் ஒரு பதிப்பாளர், கரிசல் கதை ஒன்றுக்கு ஏஐ-யில் எடுத்த படத்தைக் காட்டி, "இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க" என்றார். படத்தில் ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு, சிவப்பு மண், வாய்க்கால் நிறையத் தண்ணீர். கரிசலுக்கு உடைமரமும் பனையும் வேம்பும்தான். மண் கறுத்து, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இதைச் சரிபண்ண முடியாது, புதிதாகத்தான் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்பாவை உட்கார வைத்து வரைந்த பத்து ஸ்கெட்ச்களைக் காட்டினேன். வேலை கிடைத்தது. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அன்றைய செலவுக்கு ஒரு சாதாரணப் படம் போதும் என்கிறவர்கள் இனி என்னிடம் வரப்போவதில்லை, அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். படத்தில் இருப்பது தங்கள் ஊராகவே இருக்க வேண்டும் என்கிறவர்களைத் தேடிப் போகிறேன். மாதத்தில் நாலு நாள் பள்ளிகளில் ஓவியப் பட்டறை நடத்துகிறேன், கட்டணத்தோடு. அங்கே இன்னும் நான் ஒவ்வொரு பிள்ளையாக அளந்துகொண்டிருக்கிறேன்.

இந்த ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வெளியே, டீ குடித்துக்கொண்டிருந்தபோது கும்பகோணம் கல்லூரி மாணவி ஒருவர் வந்து பேசினார். இறுதியாண்டு. ஃபைலில் முப்பத்தெட்டுப் படங்கள். எனக்குத் தெரிந்த குழப்பம்தான். உட்கார்ந்து பார்த்து, எட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தோம். ஒரு பதிப்பகத்திலிருந்து அவரிடம் உள்படம் பன்னிரண்டு கேட்டிருக்கிறார்கள், தொகை எவ்வளவு என்று எழுதச் சொல்லி மூன்று நாள் ஆகிறதாம்.

"எவ்வளவு கேக்கலாம்ணா? அதிகமாச் சொன்னா வேற ஆள் பாத்துருவாங்களோன்னு பயமா இருக்கு."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். எண்ணிச் சொன்னார், பதினாறு நாள். ஹாஸ்டல், சாப்பாடு, பேப்பர், வண்ணம், பஸ் எல்லாம் போட்டோம். வந்த தொகையைப் பார்த்து அவர் முகம் மாறியது. கைபேசியில் அதைத் தட்டினார், பிறகு அழித்துப் பாதியாக்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அழித்ததைத் திரும்பத் தட்டி, கீழே "பாதி முன்பணம்" என்று சேர்த்து அனுப்பினார். அனுப்பிய தேதியைத் தன் ஸ்கெட்ச் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் பதினைந்து நாள் கூட்டி இன்னொரு தேதியையும் எழுதிக்கொண்டார்.